காஃப்ஸ் ஹார்பரின் கான்கிரீட் வாழைப்பழம்

பெரிய வாழைப்பழம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காஃப்ஸ் ஹார்பர் என்னும் கடலோர ஊரில், பசிபிக் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கான்கிரீட் உருவம். நீளம் 13 மீட்டர், உயரம் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். உடம்புக்கு மஞ்சள் பூசி, இரு நுனிகளிலும் கறுப்பு வைத்திருக்கிறார்கள். உள்ளே வெறும் கூடு. ஆட்கள் நடந்து போகலாம். 1964 டிசம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியச் சாலையோரங்களில் இன்று பழம், ஆடு, இறால், கிடார் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ராட்சத உருவங்கள் நிற்கின்றன. அந்த வம்சத்துக்கு மூத்த பிள்ளை வாழைப்பழமே என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அடிலெய்டில் ஒரு பெரிய ஸ்காட்லாந்துக்காரர் பொம்மை 1963லேயே வந்துவிட்டது. ஆனால் அவர் பழமில்லை என்பதால் வழக்கை யாரும் பெரிதாக்கவில்லை.

இத்தகைய உருவங்களைப் பற்றிப் பேசுவோரில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, சிலையைக் கண்டதும் மண்ணின் பெருமை, உழவரின் வியர்வை, வருங்காலத் தலைமுறை என்று மேடைப் பேச்சைத் தொடங்கிவிடும். மற்றக் கட்சி, சிலைக்குப் பின்னால் எத்தனை ஏக்கர் என்று கேட்கும். வசதிக்காக முதலாமவருக்குப் புகழேந்தி என்றும் அடுத்தவருக்குக் கணக்குப்பிள்ளை என்றும் பெயர் வைத்துக்கொள்ளலாம். இருவரையும் வாழைப்பழத்தின் எதிரே நிறுத்தினால், முதலில் தோற்றம் பற்றித்தான் வாதம் எழும்.

புகழேந்தி: இந்தக் கனியை நிறுவிய ஊர்ப் பெரியோர்கள், தங்கள் முன்னோரின் உழைப்பைக் காலத்தால் அழியாத வடிவிலே பொறித்து வைக்க வேண்டும் என்று திருவுளம் கொண்டு...

கணக்குப்பிள்ளை: நிறுத்தும் ஓய். ஊர்ப் பெரியோர் இதில் எங்கே வந்தார்கள்? ஜான் லேண்டி என்று ஒருவர். அமெரிக்காவில் பிறந்தவர், பூச்சியியல் படித்தவர். ரோட்டோரத்தில் பழக்கடை வைத்தார். கார்கள் நிற்காமல் பறந்தன. நிற்க வைக்க ஏதாவது வேண்டுமே என்று யோசித்தார். கதை அவ்வளவுதான்.

புகழேந்தி: அந்த யோசனையிலேயே ஒரு மண்பற்று இருந்திருக்கும், ஐயா.

கணக்குப்பிள்ளை: யோசனை வந்த மண் ஹவாய். அங்கே ஹொனலூலுவில் டோல் கம்பெனியின் அன்னாசி டப்பா ஆலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி ஒன்று அன்னாசி வடிவத்தில் நின்றது. அதைப் பார்த்துத்தான் இது. அதிலாவது தண்ணீர் இருந்தது.

கணக்குப்பிள்ளை சொல்வது பதிவில் உள்ளபடியே சரி. பிறந்தபோது இந்தச் சிலை ஒரு கடைப்பலகை. சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே கிட்டத்தட்ட நடுவழியில் ஊர் இருந்ததும், அறுபதுகளில் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கார் வாங்கி விடுமுறைக்கு வெளியூர் கிளம்பியதும், பின்சீட்டில் பிள்ளைகள் இருந்ததும் அதன் மூலதனம். பாரம்பரியம் என்ற பேச்சு பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. 2007இல் தபால்தலையிலும் ஏறிய பிறகு அதைப் பலகை என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

அளவைப் பற்றியும் இருவருக்கும் ஒத்துப்போகாது.

புகழேந்தி: எவ்வளவு தத்ரூபம் பாருங்கள்! அந்த வளைவு, அந்த விளிம்புகள்!

கணக்குப்பிள்ளை: தோட்டத்துக் கேவண்டிஷ் பழம் ஒரு சாண் நீளம், 20 சென்டிமீட்டர் என்று வையும். மரம் 3 மீட்டர். அதே விகிதத்தில் இந்த 13 மீட்டர் பழத்துக்கு 195 மீட்டர் உயரத்தில் மரம் நிற்க வேண்டும். சீப்பு எங்கே? தார் எங்கே? ஒற்றைப் பழம் தரையில் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கிடந்தால் யாரோ கைதவறிப் போட்டது என்று எடுத்து ஓரமாக வைப்பார்கள்.

புகழேந்தி: கலையை முழம் போட்டு அளக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை: மீட்டரில் விளம்பரம் செய்தது நீர். நான் முழம் கேட்டால் கோபமா?

சிலை நினைவூட்ட வேண்டிய வேளாண்மை உண்மையில் சுவையானது. சிலையைவிடச் சுவையானது என்றே சொல்லலாம். காஃப்ஸ் ஹார்பர் வட்டாரத்தில் 1880களில் வாழை நடப்பட்டது. அந்த அட்சரேகையில் வாழை நிற்பதே எல்லைக்கோட்டில் நிற்பதுதான். குளிர்காலத்தில் உறைபனி இறங்கும். ஆகவே சமவெளியை விட்டுவிட்டுச் சரிவுகளில் நட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிந்து பள்ளத்தில் போய்த் தங்கிவிடும், மேட்டில் நிற்கும் மரம் பிழைக்கும். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வடக்கு பார்த்த சரிவுக்கே மதிப்பு. வெட்டிய தாரைச் செங்குத்தான சரிவில் தோளில் சுமந்து இறங்குவது எலும்பை முறிக்கும் வேலை. சில தோட்டங்களில் மேலிருந்து கீழே கம்பி இழுத்து அதில் தாரைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். மழையை நம்பிய, மெதுவாக முற்றுகிற, சற்றுச் சிறுத்த பழம். சிறுத்தாலும் இனிப்பு அதிகம் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சாதிப்பார்கள்.

1920களில் முடிக்கொத்து நோய் பரவியது. நோய் கண்ட கன்றின் இலைகள் விரியாமல் உச்சியில் குறுகி நெருக்கி நிற்கும், தார் தள்ளாது. தெற்கு குவீன்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் தோட்டம் தோட்டமாக அழிந்தது. இது வைரஸ், வாழை அசுவினி பரப்புகிறது என்று அந்தப் பத்தாண்டிலேயே சி. ஜே. மகீ என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கண்டறிந்தார். நோயுற்ற மரத்தைத் தூரோடு அழிப்பது, சுத்தமான கன்றை மட்டும் நடுவது, கன்று போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது என்ற மூன்று கட்டளைகளால் தொழில் மீண்டது. தாவர நோய்த் தடுப்பில் உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் வெற்றிகளில் ஒன்று இது. தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு துடைத்ததும் இதே நோய்தான் என்பதால், பழனிப் பஞ்சாமிர்தம் சாப்பிட்ட எவருக்கும் மகீ தூரத்துச் சொந்தம் ஆகிறார்.

புகழேந்தி: ஆகா! இதையெல்லாம் தாங்கி நின்றது எங்கள் வாழை! நோய் அண்டாத வாழை!

கணக்குப்பிள்ளை: உண்மை. அந்த வட்டாரத்தில் மருந்தே அடிக்காமல் நோயில்லாமல் நிற்பது இந்த ஒன்றுதான். சிமெண்டில் அசுவினி வாய் வைக்காது.

புகழேந்தி: அந்த அசுவினியை வென்ற அறிவுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சிலை என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

கணக்குப்பிள்ளை: வைத்துக்கொள்ளும். ஆனால் கன்று வெட்டி எரித்தவனுக்கு எது சிலை? மூட்டை மூட்டையாகத் தார் சுமந்தவனுக்கு? பழத்தின் பெருமை பேசும்போது ஆள் மறைந்துவிடுகிறான். 13 மீட்டரில் ஒரு மனுஷனுக்கு இடமில்லையா?

இந்தக் கேள்வி வந்ததும் புகழேந்தி கட்சியினர் பொதுவாகப் பேச்சை மாற்றுவார்கள். காரணம் உண்டு. அந்தச் சரிவுகள் காலங்காலமாகக் கும்பாயிங்கிர் பழங்குடி மக்களின் மண். ‘தொன்மை’ என்று எடுத்தால் அங்கிருந்து எடுக்க வேண்டும். சிலைக்காரர்களின் தொன்மை 1880களில் தொடங்குகிறது. அடுத்தது சீக்கியர்கள். வடக்கே கரும்புத் தோட்டங்களில் வெட்டுவேலை செய்துவந்த பஞ்சாபியர் 1940களில் காஃப்ஸ் ஹார்பருக்குச் சற்று வடக்கே உள்ள வுல்கூல்காவில் வாழைத் தோட்டக் கூலிகளாக வந்தார்கள். வெள்ளையரல்லாதாரை நாட்டுக்குள் விடாத குடியேற்றச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. உள்ளே இருந்தவர்கள் சேமித்தார்கள், சரிவு நிலங்களை வாங்கினார்கள், ஒரு தலைமுறைக்குள் வட்டாரத்து வாழைத் தோட்டங்களில் பெரும்பங்கு அவர்கள் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் சீக்கியக் கோயிலை 1968இல் அங்கேதான் எழுப்பினார்கள்.

கணக்குப்பிள்ளை: 1964இல் மனுஷத் தோலுக்கு நிறம் பார்த்தார்கள். பழத்தோலுக்கு மட்டும் எந்த நிறமும் சம்மதம்.

புகழேந்தி: பழைய கசப்பை எதற்குக் கிளற வேண்டும்? இன்று வுல்கூல்காவில் ஊரே கூடிக் கறித் திருவிழா நடத்துகிறது.

கணக்குப்பிள்ளை: சாப்பிடக் கூப்பிட்டால் எல்லோரும்தான் வருவார்கள். வாழையை யார் வளர்த்தார் என்று உள்ளே நடந்து போகிற பிள்ளை கேட்டால், சொல்லும்படி வைத்தால் போதும். தலைப்பாகையும் 13 மீட்டரில் கட்டும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கட்டம் சரிவு. இம்முறை மலைச்சரிவு அல்ல. அறுபதுகளில் காஃப்ஸ் ஹார்பர் நாட்டின் முன்னணி வாழை வட்டாரங்களில் ஒன்று. பின்னர் வட குவீன்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபைல் பகுதிகள் எழுந்தன. அங்கே தட்டையான நிலம், வெப்பம், கொட்டும் மழை. டிராக்டர் வரிசைக்குள் ஓடும், தார் வண்டியில் ஏறும், ஆண்டு முழுக்க வெட்டு. சரிவில் தோள்சுமையாய் இறக்கும் பழம் விலையில் எப்படி ஈடுகொடுக்கும்? இன்று ஆஸ்திரேலிய வாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குவீன்ஸ்லாந்துடையது. காஃப்ஸ் ஹார்பர் சரிவுகளில் வாழை இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் வலை போர்த்திய அவுரிநெல்லி, அதாவது புளூபெர்ரி. வாழையை விட்டு அதற்கு மாறியவர்களில் சீக்கியக் குடும்பங்கள் நிறைய. வருமானக் கணக்கில் புளூபெர்ரி வாழையை எப்போதோ தாண்டிவிட்டது.

கணக்குப்பிள்ளை: ஆகவே சிலையை மாற்றும். 13 மீட்டரில் ஒரு புளூபெர்ரி.

புகழேந்தி: ஐயா, அது வெறும் நீல உருண்டை. தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துப் போய்விடுவார்கள். படம் எடுக்க முகமே இல்லாத பழம் அது.

கணக்குப்பிள்ளை: முகவெட்டுள்ள பயிருக்குத்தான் பாரம்பரியமா?

புகழேந்தி: சிரிக்காதீர்கள், ஆமாம். நெல்லுக்கு யாராவது 13 மீட்டரில் சிலை வைத்திருக்கிறார்களா? வாழை, அன்னாசி, மாம்பழம்... தூரத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கும் அடையாளம் தெரிய வேண்டும்.

கணக்குப்பிள்ளை: செலவு குறைய ஒரு வழி சொல்கிறேன். தாவரவியலில் வாழைப்பழமும் பெர்ரி வகைக் கனிதான். நீலச் சாயம் மட்டும் அடித்தால் போதும்.

இங்கே புகழேந்தி சொன்னது விளையாட்டாகத் தோன்றினாலும் முக்கியமானது. சாலையோரச் சிலை பயிரின் பொருளாதார எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. விண்ட்ஸ்கிரீன் வழியே இரண்டு விநாடியில் பிடிபடும் வடிவமா என்று பார்த்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பிற ஊர்களின் பழங்களும் இதே கதைதான், கொஞ்சம் கொஞ்சம் திருகலோடு.

குவீன்ஸ்லாந்தின் வூம்பை அருகே 1971இல் திறந்த பெரிய அன்னாசி 16 மீட்டர் உயரம். 1983இல் இளவரசர் சார்லஸும் டயானாவும் வந்து பார்த்துப் போனார்கள். அந்தப் பகுதியில் அன்னாசி வயல்கள் சுருங்கி வீட்டுமனைகள் பெருகின; 2009இல் அன்னாசி மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறியது சிலை, வயல்கள் அல்ல. அமெரிக்காவின் தென் கரோலினாவில் காஃப்னி ஊரின் பீச் பழம் 1981இல் எழுந்த உண்மையான நீர்த்தொட்டி. பீச் மாநிலம் என்று பெயரெடுத்த அண்டை மாநிலம் ஜார்ஜியாவுக்கு, பீச் எங்கே அதிகம் விளைகிறது என்று காட்ட வைத்த பதில் அது. நியூசிலாந்தின் குரோம்வெல்லில் ஆப்பிள், பேரி, ஏப்ரிகாட், நெக்டரின் சேர்ந்த 13 மீட்டர் பழக்கொத்து நிற்கிறது. அது எழுந்த சில ஆண்டுகளுக்குள், கிளைட் அணைக்காக 1992–93இல் நீர் தேக்கியபோது பழைய ஊரின் கடைத்தெருவும் பள்ளத்தாக்கின் பெயர்பெற்ற ஏப்ரிகாட் தோட்டங்களும் முழுகின. சிலை மேட்டில் இருந்ததால் நனையவில்லை.

புகழேந்தி: போவன் மாம்பழத்தை விட்டுவிட்டீர்களே! இந்தியர் பெருமைப்பட வேண்டியது!

பெருமைப்பட இடம் உண்டு. போவன், வட குவீன்ஸ்லாந்தின் துறைமுக ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியக் குதிரைகள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் கப்பலேறின. அப்படிப் போய்த் திரும்பிய கப்பல்களில் வந்த கொட்டையிலிருந்தே போவனின் கென்சிங்டன் பிரைடு மாம்பழம் பிறந்தது என்பது வழிவழிச் செய்தி. ஆஸ்திரேலியாவில் மாம்பழம் என்றாலே நெடுங்காலம் அதுதான். ஊருக்கு வெளியே 2002இல் 10 மீட்டர் ஃபைபர்கிளாஸ் மாம்பழம் ஒன்று நிறுவப்பட்டது.

கணக்குப்பிள்ளை: 2014 பிப்ரவரியில் அது காணாமல் போனதே, அதையும் சொல்லும்.

புகழேந்தி: அது... திருட்டு அல்ல. பிறகு கிடைத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை: இராத்திரியோடு இராத்திரியாக 10 மீட்டர் மாம்பழத்தைத் தூக்கிப் போய்ப் புதர்க்காட்டில் மறைத்தார்கள். நாடு முழுக்கச் செய்தி. கடைசியில் ஒரு சுட்ட கோழிக் கடைக்காரர்கள் புது மாம்பழப் பண்டத்துக்கு விளம்பரம் தேடிச் செய்த வேலை. விளம்பரத்துக்காக வைத்ததை விளம்பரத்துக்காகத் தூக்கினால் அதைத் திருட்டு என்று எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது?

புகழேந்தி தோற்றுக்கொண்டே போகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் பக்கம் வலுவான இரண்டு சான்றுகள் உண்டு. இரண்டுக்கும் கணக்குப்பிள்ளையிடம் நல்ல பதில் இல்லை.

முதலாவது புயல். 2006 மார்ச்சில் லாரி புயல் இன்னிஸ்ஃபைல் பக்கம் கரையேறி நாட்டின் வாழை விளைச்சலில் பெரும்பகுதியை ஒரே காலையில் படுக்க வைத்தது. நோய் நுழையும் என்ற அச்சத்தால் ஆஸ்திரேலியாவுக்குள் வெளிநாட்டு வாழைப்பழம் வருவதில்லை. ஆகவே கடையில் கிலோ விலை 10 டாலரைத் தாண்டியது. 2011 பிப்ரவரியில் யாசி புயல் அதே பாடத்தை மறுபடி நடத்தியது. எல்லாத் தாரையும் ஒரே சமவெளியில் தொங்கவிட்ட புத்திசாலித்தனத்தின் விலை அது. அந்த மாதங்களில் காஃப்ஸ் ஹார்பர் சரிவுகளில் மிஞ்சியிருந்த சிறு தோட்டக்காரர்களுக்கு நல்ல காசு. சிறுத்த மலைப்பழம் கைவிடத்தக்கதல்ல என்று அப்போது ஊருக்கு நினைவு வந்தது.

இரண்டாவது கூலி. வாழைப்பழத்தைச் சுற்றி இப்போது கேளிக்கைப் பூங்கா: மலைச்சரிவில் உருண்டோடும் டொபோகன் வண்டி, நீர்ச்சறுக்கு, பனிச்சறுக்குத் தளம், மினி கோல்ஃப்.

புகழேந்தி: அந்தப் பூங்காவில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் வருகிறது. தாங்கள் துக்கப்படுகிற வாழை அவளுக்கு என்ன கொடுக்கும்? முதுகுவலி.

கணக்குப்பிள்ளை: ...

புகழேந்தி: வியர்வையைப் பற்றித் தாங்கள் பேசலாம். வியர்வை சிந்தியவன் தன் பிள்ளையைச் சரிவில் ஏற்றவில்லை, படிக்கத்தான் அனுப்பினான்.

கணக்குப்பிள்ளை: சரி ஓய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறைபனி இறங்காத சரிவாய்ப் பார்த்து வாழை வைத்த இடத்தில் காசு கொடுத்துப் பனிக்கட்டி உறைய வைக்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் விளங்கச் சொல்லும்.

புகழேந்தி: அது... பன்முகப்படுத்துதல்.

கணக்குப்பிள்ளையின் உண்மையான குறை சிலை இருப்பதில் அல்ல. லேண்டி வைத்தபோது அது நேர்மையாகவே இருந்தது: பின்னால் தோட்டம், முன்னால் கடை, மேலே அடையாளம். பழம் வேண்டுமா, நில், வேண்டாமா, போ. தோட்டம் போன பிறகு அதே அடையாளத்துக்குப் பாரம்பரியம் என்று மாலை போட்டபோதுதான் கோளாறு நுழைந்தது. பயிர் செழித்த நாளில் யாரும் பயிருக்கு விழா எடுப்பதில்லை. வெட்டவே நேரம் போதாது. விழாக்குழு கூடுகிறது என்றால் தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சிலையருகே சரிவில் இன்னும் கொஞ்சம் வாழை நிறுத்தி, வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டும் ஏற்பாடும் உண்டு. கடைப்பலகை நிலைத்துவிட்டது, தோட்டம் இப்போது அந்தப் பலகைக்கு அலங்காரம்.

கடைசி வாதம் சாலையைப் பற்றியது. காஃப்ஸ் ஹார்பரைச் சுற்றிக்கொண்டு போக 14 கிலோமீட்டர் புறவழிச்சாலை கட்டப்பட்டு வருகிறது. ஊரின் முதுகில் உள்ள குன்றுகளுக்குள் மூன்று சுரங்கங்கள். வாழைக்குப் பெயர்போன அதே குன்றுகள்தான். முடிந்ததும், சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே ஓடும் வண்டிகள் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. வாழைப்பழத்தின் முன்னால் போகும் சாலை ஊர்ச்சாலை ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை: நெடுஞ்சாலை இல்லாத நெடுஞ்சாலைச் சிலை. இனி யாரை நிறுத்துவீர்?

புகழேந்தி: தேடி வருவார்கள், ஐயா. தபால்தலை வரை போன பழம்.

கணக்குப்பிள்ளை: சுரங்கத்துக்குள் போகிறவன் கண்ணில் மலைகூடப் படாதே.

புகழேந்தி: அதற்கென்ன, பிரிகிற இடத்தில் ஒரு பலகை வைத்துவிடலாம். மஞ்சளில். வளைவாக.

கணக்குப்பிள்ளை: எவ்வளவு பெரிதாக?

புகழேந்தி: 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? நீங்கள்தான் கணக்குப் போடுகிறவர், போட்டுச் சொல்லுங்கள்.